பாலம் ஓர் ஆளைத் தாங்கும்

வாஷிங்டன்
பிப்ரவரி 9, திங்கள்

அன்புள்ள ஆர்லன்,

நேற்று நீ ஃபோனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் ரீங்காரமிடுகிறது. திரும்ப நான்கு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. கன்று போடும் காலம், தொழுவத்தில் இருந்திருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நீ எங்கே இருப்பாய் என்று முப்பத்தோரு வருடம் உன்னோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? சமையலறை மேஜையில், செய்தித்தாளுக்குப் பின்னால், ஃபோனுக்கு மூன்றடி தூரத்தில்.

அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் வைத்தாலும் திரும்ப எடுப்பாய்.

தப்பு என்னுடையது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறையும் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கப்போகிறேன் என்பதை நீ பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மனுவில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டேன். பனியைப் பற்றிப் பேசினோம். சிவப்புக் காளையின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினோம். சொல்ல வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன்.

இரண்டு தடவை, மொத்தம் நான்கு வருடம், அதோடு வீடு திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். எந்த மேடையிலும் சொன்னதில்லை. நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே உன்னிடம் மட்டும் சொன்னது. கேட்ட சாட்சி நீ ஒருவன்தான் என்பதால் மீறுவது சுலபமாகப் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஏன் நிற்கிறேன் என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். இப்போது சொல்கிறேன். செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லித்தான் நம் கட்சி ஜெயித்தது. நான்கு வருடத்தில் என்ன ஆயிற்று? மற்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு செலவு செய்கிறார்கள். நாம் தலையைக் குனிந்துகொண்டு செய்கிறோம். தொகையில் வித்தியாசமில்லை. இப்போது ஒரு சாலை மசோதா வருகிறது. நாமே போட்ட செலவு வரம்பை நாமே உடைக்கும் மசோதா. உறுப்பினருக்கு ஒரு பரிசு என்று ஊர் ஊராகப் பங்கு பிரித்திருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் நம் ஆற்றுப் பாலமும் பட்டியலில் இருக்கிறது, ஆர்லன். நான் கேட்கவில்லை. அவர்களாகவே போட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பாதியில் விட்டு வர மனம் வரவில்லை. உன்னைப் பாதியில் விட்டிருக்கிறேனே என்றும் இருக்கிறது. இந்த ஊரில் காற்றே இல்லை. மரங்கள் அசையாமல் நிற்கின்றன. காற்றுச் சத்தம் இல்லாமல் எனக்கு எதையும் யோசிக்க வரவில்லை.

ட்வைலா


ஹாலக், நெப்ராஸ்கா
பிப்ரவரி 18

ட்வைலா,

பாதியில் வைத்தேன். திரும்ப எடுத்தேன். சரி, உன் பேச்சே ஜெயிக்கட்டும்.

இதுவரை நாற்பத்திரண்டு கன்றுகள். இரண்டு போயின. ஒன்று குளிரில் உறைந்து போனது, இன்னொன்று காரணமே தெரியாமல். காளையின் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். இரண்டு விஷயம்தான்.

ஒன்று. "அங்கயே இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஃபோனை வைத்தேன். அது என் மனதில் இருந்ததற்கு நேர் எதிரானது. வாயில் அப்படி வந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றபடி என் கோபம் அப்படியே இருக்கிறது.

இரண்டு. பாலம். அக்டோபரில் அதிகாரி வந்து திருப்புளியால் குத்தியபோது உத்தரத்துக்குள் கைப்பிடிவரை போயிற்று. அன்று மூடியது. நீ ஊரில் இருந்தால் புரியும். டோரீன் வீட்டுக்கு ஒன்பது மைலில் போய்க்கொண்டிருந்தவன் ஐம்பத்திரண்டு மைல் சுற்றிப் போகிறேன். அவள் என் தங்கை, வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும். அவள் புருஷன் கஸ் வேறு இந்த வருடம் தளர்ந்து தெரிகிறான். மாட்டுத்தீவனக் கடையில் உட்கார முடியவில்லை. நேற்று லானி எல்லார் எதிரிலும் கேட்கிறான்: "என்ன ஆர்லன், உன் வீட்டுக்காரி பாலம் கொண்டுட்டு வர்றாளா, இல்ல வழக்கம்போல பேச்சு மட்டுந்தானா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேர்தலுக்காக நம் களஞ்சியச் சுவரில் ஆளுயர எழுத்தில் "ட்வைலா மிக்கெல்சன்: எதையும் கொண்டுவர மாட்டாள், எதையும் கொண்டுபோகவும் விடமாட்டாள்" என்று வண்ணம் தீட்டியவனே நான்தானே. சிரிக்காமல் என்ன செய்வது?

அரசாங்கத்திடம் நான் வேண்டியதெல்லாம் என்னைச் சும்மா விடு என்பதுதான். ஆனால் அரசாங்கம் என்று ஒன்று இருந்துதான் தீர வேண்டுமென்றால் அது பாலம் போடத்தான் இருக்க வேண்டும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

படுக்கையில் உன் பக்கம் நாய் ஏறிக்கொள்கிறது. இறக்கிவிட எனக்கு மனமில்லை.

ஆர்லன்


வாஷிங்டன்
மார்ச் 3

அன்புள்ள ஆர்லன்,

உன் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு மூன்று கூட்டங்களில் உட்கார்ந்திருந்தேன். நாய் வரியை மட்டும் தனியாக எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

இன்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். சாலைக் குழுவின் தலைவர். நம் கட்சிதான். பழுத்த ஆள், நரைத்த புருவம், யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டார். மேஜைமேல் நம் பாலத்தின் படம் இருந்தது. யார் எடுத்ததோ. பின்னால் நம் காற்றாலைகூடத் தெரிந்தது.

"ரொம்ப அழகான பாலம் ட்வைலா," என்றார். "விழுந்துடக் கூடாது."

"விழாது. மூடி வெச்சிருக்காங்க."

"தொறக்கணும்ல?"

"தொறக்கணும். ஆனா இந்த மசோதாவுல நம்ம வரம்பு எங்க போச்சு? போன வருஷம் நீங்களும் நானும் சேந்துதானே கை தூக்கினோம்?"

அவர் கோபப்படவில்லை. காபி ஊற்றித் தந்தார். "வரம்பு எல்லாருக்கும் புடிக்கும்மா. அவங்கவங்க ஊர் ரோடு வர்ற வரைக்கும். உன்னை மாதிரி ஒருத்தி ரெண்டு பேர் இருக்கணும், எனக்கும் மரியாதைதான். ஆனா எதுத்து ஓட்டுப் போடறவங்க ஊருக்கு நான் பாலம் கட்டித் தர்ற வழக்கமில்ல. இப்பவே சொல்லிடறேன், அப்புறம் வருத்தப்படாத."

வெளியே வந்ததும் கட்சிக் கொறடாவின் ஆள் ஒருவன் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னான், ஹெம்ப்ரி என்னை எதிர்த்து மனு போட்டிருக்கிறானாம். டிராக்டர் விற்கிறானே, அந்த ரோஜர் ஹெம்ப்ரிதான். கட்சியின் வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் கட்சி யார் பக்கமும் சாயாதாம். "ஆனா பெரியவங்க யார் விருந்துக்குப் போவாங்கன்னு நான் எப்படி மேடம் சொல்ல முடியும்?" என்று சிரித்தான்.

ஜார்ஜியாவில் பட்டறை வைத்திருக்கிற யாரோ ஒருவன் நம் பாலத்துக்கு வரி கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் நாம் அவன் ஊர் மேம்பாலத்துக்குக் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கிறவன் இரண்டு பேரிடமும் நன்றி வாங்கிக்கொள்வான். இதை எதிர்க்கத்தானே நீ என்னை அனுப்பினாய்? நீ, லானி, அந்தக் கடையில் சிரித்த எல்லாரும்?

ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க ஆசை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம்.

ட்வைலா


ஹாலக்
மார்ச் 13

ட்வைலா,

கஸ் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. மனைவிக்கு நன்றி எழுதுவது விநோதமாக இருக்கிறது. ஆனால் மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தும் இதைக்கூட நான் வாயால் சொல்லவில்லை.

வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். நீயும் நானும் மாறி மாறிப் பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தோம் என்பது இன்னொன்று. உன்னை விமானத்துக்குக் கொண்டுவிடும்போது வண்டியில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ரேடியோவில் மாட்டு விலை கேட்டுக்கொண்டு வந்தோம்.

நேற்று ஆம்புலன்ஸ் ஓட்டும் பையனைப் பார்த்தேன். டோரீன் கூப்பிட்டதிலிருந்து அவள் வீடு போய்ச் சேர ஒரு மணி எட்டு நிமிடம். பாலம் இருந்திருந்தால் பதினைந்து. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "பதினஞ்சு நிமிஷத்துல வந்திருந்தாலும் பொழச்சிருப்பாருன்னு என்னால சொல்ல முடியாது ஆர்லன். பொழச்சிருக்க மாட்டாருன்னும் சொல்ல முடியாது," என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒன்று கேட்க வேண்டும். டோரீன் ஊரெல்லாம் சொல்கிறாள், நீ மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போடப்போகிறாய் என்று. சர்ச்சில் சொன்னாள், தபால் ஆபீஸில் சொன்னாள். அவள் சமையலறையில் நீங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது நீ அவளிடம் என்ன சொன்னாய்?

பதில் எழுது.

ஆர்லன்


ஹாலக்
ஏப்ரல் 3

ட்வைலா,

மூன்று வாரம் உன் பதிலுக்குக் காத்திருந்தேன். தீவனக் கடை ரேடியோ எனக்குப் பதில் சொன்னது.

மசோதா பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததாம். எதிர்த்தவர்கள் பட்டியலில் உன் பெயர். மறுநாளே நம் பாலத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். கடையில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். லானி மட்டும் நின்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். சிரித்திருந்தால் தேவலை.

நான் சொல்வதைச் சரியாகக் கேள். உன் ஓட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. அது கெட்ட மசோதா. உன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன், கஸ் செத்ததற்கப்புறமும்.

டோரீனிடம் போய்க் கேட்டேன். அவள் அழவில்லை. "கஸ் போன நாலாம் நாள் நான் அவகிட்ட நேரா கேட்டேன் ஆர்லன். பாலத்துக்கு ஓட்டுப் போடுவல்லன்னு. 'பாக்கலாம் டோரீன்'னு சொல்லி என் கையப் புடிச்சா. நான் அதை நம்பிட்டேன். முட்டாள் நான்," என்றாள்.

பாக்கலாம்! அங்கே போய் எதைக் கற்றுக்கொண்டாய் என்று எனக்கு இப்போது தெரிகிறது. நான் கல்யாணம் செய்துகொண்ட பெண் மாட்டேன் என்றால் மாட்டேன் என்பாள். அவள் பேச்சில் அடிபட்டவர்கள் இந்தக் கவுண்டியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் ஏமாந்தவர்கள் ஒருவர்கூட இல்லை. இப்போது இரண்டு பேர். டோரீனும் நானும்.

ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

ஆர்லன்


வாஷிங்டன்
ஏப்ரல் 14

ஆர்லன்,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டுக்கு வரவில்லை. டோரீன் வீட்டுக்குப் போனேன். விமானத்தில் வந்து இறங்கி, வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஆற்றின் வடக்குப் பக்கமாகவே போய்விட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணி.

அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசலிலேயே சொன்னேன்.

"டோரீன், நீ கேட்ட அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன். எதுத்துத்தான் போடறதுன்னு. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல தைரியம் வரல. அதான் பாக்கலாம்னேன். பொய்தான் அது. மன்னிச்சுக்கோன்னு கேக்க வரல. உனக்குத் தெரியணும்னு வந்தேன்."

அவள் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். பிறகு, "குளிருது, உள்ள வந்து தொலை," என்றாள். மேஜையில் கஸ்ஸின் தொப்பி இருந்தது. அதை நகர்த்தாமலே காபி வைத்தாள்.

"கஸ் இருந்திருந்தா உனக்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பான்," என்றாள். "நீ செஞ்சதுதான் சரின்னு என்கிட்ட சண்டைக்கும் வந்திருப்பான். நான் போட மாட்டேன். எனக்கு அவன் வேணும். உன் கொள்கைய வெச்சு நான் என்ன பண்றது? காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு."

குடித்தேன். நான் கிளம்பும்போது காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குமேல் எதுவும் எனக்குக் கிடைக்க வேண்டியதில்லை.

அப்புறம் நான் நேராக விமானத்துக்குப் போகவில்லை. பாலத்தின் வடக்கு முனைக்குப் போனேன். தடுப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி இறங்கினேன். ஆறு பழுப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் நீ புல் கட்டுகளை அவிழ்த்துப் போட்டுக்கொண்டிருந்தாய். மாடுகள் உன் பின்னால் வரிசையாக வந்தன. அந்தப் பச்சை மேல்சட்டை. முழங்கை கிழிந்திருந்ததே, தைத்தாயா என்று அங்கிருந்து தெரியவில்லை. ஒரு முறை நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாய். முன்பு அப்படிச் செய்ய மாட்டாய்.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். காற்று உன் பக்கம்தான் அடித்தது. வாயைத் திறந்தேன், ஆர்லன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. முப்பத்தோரு வருடமாக உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அந்த உரிமை இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. நீ வேலியைத் தாண்டிப் போகும்வரை நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

உன்னிடமும் அன்று வாசற்படியில் சொன்னதை நான் மீறினேன். டோரீனிடம் சொன்னதுபோல உன்னிடமும் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதத்தான் முடிகிறது.

ட்வைலா


ஹாலக்
ஏப்ரல் 21

என் ட்வைலா,

காரைப் பார்த்தேன். சாம்பல் நிறம். பாலத்தைப் பார்க்க வந்த அதிகாரி என்று நினைத்துத் திட்டவும் செய்தேன். "வந்து வந்து பாத்துட்டு மட்டும் போறானுங்க" என்று மாட்டிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை டோரீன் சொன்னாள். பிறகு உன் கடிதம் வந்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கால் மைல் தூரம். நீ நின்றிருக்கிறாய், நான் புல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தப் பாலத்தில் லாரிதான் போகக் கூடாது. ஓர் ஆளைத் தாங்கும். நடந்து வந்திருக்கலாம் நீ. நான் ஈஸ்டருக்கு வர வேண்டாம் என்று எழுதினேன்தான். கண்ணெதிரே வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவேனா?

சட்டையைத் தைக்கவில்லை.

பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கவுண்டிக் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போதவில்லை. முதல் ஒரு மணி நேரம் உன்னைத் திட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அது முடிந்தபின் யாருக்கும் அடுத்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. அப்போது நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று கேட்காதே.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல வந்த ஒவ்வொரு வரிக்கும் எதுத்து ஓட்டுப் போட்டவன் நான்," என்றேன்.

பின்னாலிருந்து லானி, "தெரியும், உக்காரு!" என்றான். சிரித்தார்கள்.

"தூண் நல்லாத்தான் இருக்கு. மேல உத்தரந்தான் போச்சு. பழைய ரயில் பெட்டியோட அடித்தளம் விக்கறாங்க, இரும்பு. பக்கத்துக் கவுண்டில அதை வெச்சுப் பாலம் போட்டிருக்கான், போய்ப் பாத்துட்டு வந்தேன். ஒரு வண்டி போற அகலந்தான். அழகா இருக்காது. ஆம்புலன்ஸ் போகும். வாஷிங்டன் கட்டற பாலத்துல பத்துல ஒரு பங்கு செலவு. அதுக்கு நம்ம நிலத்துமேல ரெண்டு வருஷம் வரி போடுங்க. என் நிலத்துமேலயும். நமக்குப் பாலம் வேணும்னா நாமதான் குடுக்கணும். ஜார்ஜியால இருக்கறவன் எதுக்குக் குடுக்கணும்?"

ஜார்ஜியா உன்னிடமிருந்து எடுத்தது. சொல்லிவிட்டுத்தான் அது உன் பேச்சு என்று தெரிந்தது.

மே 12 உட்கட்சித் தேர்தல் சீட்டிலேயே இந்த வரியையும் கேட்கப்போகிறார்கள். தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும், நானும் அவர்களில் ஒருவன்தானே.

ஆர்லன்


ஸ்காட்ஸ்பிளஃப்
மே 3

என் ஆர்லன்,

தொகுதியின் மேற்குக் கோடியில் ஒரு மோட்டல் அறையில் இருக்கிறேன். வீட்டிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். இன்று மூன்று கூட்டம், நாளை நான்கு. கட்சிப் பெரியவர்கள் இரண்டு பேர் ஹெம்ப்ரியின் விருந்துக்கு வந்து போனார்கள். "செலவைக் குறைக்கும் உண்மையான ஆள்" என்று அவன் நோட்டீஸில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழேயே "பாலங்களைக் கொண்டுவருவார்" என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தாளில் அச்சடிக்க அவனுக்குக் கூச்சமாகவே இல்லை.

இன்று ஒரு பீட்ரூட் விவசாயி எழுந்து கேட்டார்: "உங்களுக்கு ஓட்டுப் போட்டா எங்களுக்கு என்ன கெடைக்கும்?" "ஒண்ணும் கெடைக்காதுங்க," என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "நாலு வருஷத்துல நேரா பதில் சொன்ன மொத ஆளு நீதாம்மா," என்று உட்கார்ந்தார். போடுவாரா என்று தெரியாது.

ரயில் பெட்டிப் பாலம்! பத்திரிகையில் உன் பெயரைப் பார்த்து, படிப்பகத்தில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். நான்கு வருடமாகச் சபையில் நான் பேசியதையெல்லாம் கூட்டினாலும் நீ அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னதற்கு ஈடாகாது. நான் இருந்து கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ தூரத்தில் யார் யாரோ பேசுவதை உட்கார்ந்து கேட்கிறேன், நீ வாழ்நாளில் ஒரு தடவை பேசினாய், நான் அங்கே இல்லை.

ஓர் ஆளைத் தாங்கும் என்று எழுதியிருந்தாய். பாலத்தைக் கண்டு நான் பயப்படவில்லை, ஆர்லன். அக்கரை வந்தபின் நீ மாட்டு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாயோ என்றுதான் பயம்.

ட்வைலா


ஹாலக்
மே 13, புதன்

என் ட்வைலா,

மொத்தத்தில் அறுநூற்றுப் பதினொரு ஓட்டில் தோற்றாய் என்று ரேடியோவில் சொன்னார்கள். மேற்கே எல்லா இடத்திலும் நீதான் முன்னால். நம் கவுண்டிதான் உன்னைக் கவிழ்த்தது. உன்னைத் தெரியாதவர்கள் உனக்குப் போட்டார்கள், தெரிந்தவர்கள் போடவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பால வரி பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தது.

நான் இரண்டுக்கும் போட்டேன். வரிக்குப் போடும்போது கை தயங்கவில்லை. உன் பெயருக்கு நேரே போடும்போதுதான் தயங்கி நின்றேன். பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். நீ ஜெயித்தால் இன்னும் இரண்டு வருடம். அது தெரிந்தும் போட்டேன். நீ தோற்றதும் சந்தோஷப்பட்டேனா என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் யோசிப்பாய். ரேடியோவை அணைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். முதலில் உனக்காக வருத்தமாக இருந்தது. அப்புறம் ஜனவரியில் வந்துவிடுவாய் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

ஆர்லன்


வாஷிங்டன்
மே 18

என் ஆர்லன்,

தோற்ற மறுநாளே இங்கே எல்லாருக்கும் என்மேல் அன்பு வந்துவிட்டது. சாலைக் குழுத் தலைவர் பூங்கொத்து அனுப்பினார். இனி நான் எந்த ஓட்டுக்கும் வராமல் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்துவிடேன் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் ஒரு நாளில் பத்து தடவை தோன்றுகிறது.

ஆனால் ஜனவரிவரைக்கும் என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் செலவு மசோதாக்கள் பதின்மூன்று வருகின்றன. எதிர்க்க ஆளில்லை. உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் படித்து, கை தூக்கி, தோற்றுவிட்டு வருகிறேன். இந்த முறை உன்னிடம் முன்கூட்டியே, நேராகச் சொல்கிறேன்: நாட்கள் கிடைக்கும்போதெல்லாம் வருவேன். முழுதாக வருவது ஜனவரி 3. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

நீ எழுதியதை வைத்துக்கொண்டு நேற்று ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் பெயருக்கு நேரே தயங்கி நின்றதாக எழுதினாயே, அந்த இடம். என்னை யாரும் அவ்வளவு செலவு செய்து நேசித்ததில்லை.

இங்கே லிண்டன் மரங்கள் பூத்திருக்கின்றன. வாசனை ஜன்னல்வரை வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஆளில்லாமல் உனக்கு எழுதுகிறேன்.

ட்வைலா


ஹாலக்
மே 25

என் ட்வைலா,

சனிக்கிழமை கன்றுகளுக்கு அடையாளச் சூடு போட்டு முடித்தோம். நூற்றுப் பன்னிரண்டு. உதவிக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். பதினேழு பேர் வந்தார்கள். உனக்குப் போடாதவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. லானி நாள் முழுக்கக் கயிறு வீசினான். டோரீன் ஐம்பத்திரண்டு மைல் சுற்றி, ரொட்டியும் ஒரு தட்டு மாட்டிறைச்சியும் கொண்டுவந்தாள். எல்லாரும் போனபின் என் எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"அவ எப்ப வர்றா?"

"ஜனவரி. நடுவுல லீவு கெடைச்சா."

"புல்லு வெட்ட ஜூலை ஆகும். அதுவரைக்கும் இங்க உனக்கு என்ன வேலை?"

"வேலி இருக்கு. காளை இருக்கு."

"மாட்டை லானி பாத்துப்பான். வேலி எங்கயும் ஓடிப் போகாது. மரமண்டைடா நீ. நான் கஸ்ஸுக்காக எவ்வளவு தூரம் வேணும்னாலும் ஓட்டிட்டுப் போவேன். எனக்குப் போக எடமில்ல. உனக்கு இருக்கு."

பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் புதன்கிழமை கிளம்புகிறேன். பிக்கப் வண்டியில்தான். ஆயிரத்தைந்நூறு மைல், இரண்டரை நாள். வெள்ளி மாலை வந்து சேர்வேன். ஐந்து வாரம் இருப்பேன். கோட்டு கிடையாது, விருந்துக்கெல்லாம் கூப்பிடாதே. பகலில் நீ சபைக்குப் போ. நான் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

உன் அறையில் நாற்காலி ஒன்றுதான் இருக்கும். தனியாக இருக்கிறவள் இரண்டு வாங்கியிருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா. இன்னொன்றை நம் வீட்டிலிருந்து வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ஆர்லன்